ரைஷ் எல்லாம் பேரரசு அல்ல

ஜெர்மன் வரலாற்று ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதைப் பற்றி இங்கே எழுதியதும் வாசகர்கள் கேள்விகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். ஆட்சி, அதிகாரம், பட்டம், பதவி சம்பந்தமானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஜெர்மன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் கொண்டுவர முடியும். அந்த மொழி படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடம், ‘ரைஷ்’ என்றால் பேரரசு, ஆங்கிலத்தில் ‘எம்பயர்’. அப்படியிருக்க ஹிட்லர் ஆட்சியைக் குறிக்கும் ‘தேர்ட் ரைஷ்’ என்பதை மட்டும் ஏன் மொழிபெயர்க்காமல் விட்டார்கள்? (போட்டித் தேர்வு மாணவர், ஈரோடு)

உங்கள் முதல் வாக்கியத்திலேயே தகராறு இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் பிரான்ஸ் நாட்டை இன்றும் ‘ஃப்ராங்க்ரைஷ்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆஸ்திரியா ‘ஓஸ்டர்ரைஷ்’. இரண்டும் குடியரசுகள். இரண்டின் வாலிலும் ரைஷ் தொங்குகிறது. யாரும் அங்கே பேரரசரைத் தேடுவதில்லை.

1918 நவம்பரில் கைஸர், அதாவது பேரரசர், இரண்டாம் வில்ஹெல்ம் முடியிழந்து ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு வைமார் நகரில் கூடி எழுதிய அரசியல் சட்டத்தின் முதல் வரி: ‘டாஸ் டாய்ச்ச ரைஷ் இஸ்ட் ஐன ரெபுப்லிக்.’ அகராதியைப் பார்த்து ஆங்கிலப்படுத்தினால் ‘ஜெர்மன் பேரரசு ஒரு குடியரசு’ என்று வரும். எழுதியவர்களுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. பவேரியா, சாக்சனி, பிரஷ்யா என்ற மாநிலங்களுக்கு எதிரே நிற்கும் மொத்த நாட்டுக்கு அவர்களிடம் இருந்த பெயர் ரைஷ், அவ்வளவுதான். அதனால்தான் குடியரசின் பிரதமர் ‘ரைஷ்ஸ்கான்ஸ்லர்’, ரயில் ‘ரைஷ்ஸ்பான்’, 1924இல் வந்த பணம் ‘ரைஷ்ஸ்மார்க்’. கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி கடைசிவரை தன் ரயிலை ரைஷ்ஸ்பான் என்றே ஓட்டியது. மேற்கின் ரயில்வேயோடு 1994இல் இணைந்தபோதுதான் அந்தப் பெயர் போனது. அதைப் போய் ‘இம்பீரியல் ரயில்வே’ என்று எழுதினால் லெனினே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

நான் செய்வது இது. 1806 வரைக்கும் ‘எம்பயர்’ போடுகிறேன். அது புனித ரோமானியப் பேரரசு, பேரரசர் ஒருவர் இருந்தார். 1871 முதல் 1918 வரை அதே சொல் ஒத்துவரும். அதற்குப் பிறகு கூடாது. ஹிட்லர் காலத்துக்கு எல்லோரும் ‘ரைஷ்’ என்றே விட்டுவிட்டார்கள், சரி. ஆனால் அதன் பலன், ஆங்கில வாசகருக்கு இன்று ரைஷ் என்றாலே ஸ்வஸ்திகா கண்முன் வருகிறது. 1922ஆம் ஆண்டின் ஒரு சுகாதாரச் சுற்றறிக்கையில் ‘ரைஷ் கவர்ன்மென்ட்’ என்று விட்டால், பத்து வருஷம் முன்கூட்டியே ஹிட்லரைக் கூட்டிவந்து உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் வைமார் காலத்து அரசாங்கத்துக்கு ‘நேஷனல் கவர்ன்மென்ட்’ என்பேன். நாடாளுமன்றத்தை மட்டும் ரைஷ்டாக் என்றே விடுவேன், அது ஊரறிந்த பெயர். இன்றைய நாடாளுமன்றத்தின் பெயர் புண்டஸ்டாக். ஆனால் 1999 முதல் அது கூடும் பெர்லின் கட்டடத்தை மக்கள் இன்னும் ரைஷ்டாக் என்றுதான் சொல்கிறார்கள்.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு உபரித் தகவல். ஒல்லாந்தர் கொண்டுவந்து, ஆங்கிலேயர் 1821இல்கூட வெள்ளியில் அடித்த ‘ரிக்ஸ்டாலர்’ நாணயத்தின் முதல் பாதியும் இதே சொல்தான், டச்சு வழியாக வந்தது.

எம்டன் கப்பல் குண்டு போட்டதைப் பற்றி எழுதும்போது ‘எம்பரர் ஆஃப் ஜெர்மனி’ என்று குறிப்பிட்டேன். ‘ஜெர்மன் எம்பரர்’ என்று திருத்தி அனுப்பினார்கள். இரண்டும் ஒன்றுதானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை)

ஒன்றில்லை ஐயா. இந்த வித்தியாசத்துக்காகவே ஒரு கிழவர் தான் பட்டம் ஏற்ற நாளில் முகம் கொடுத்துப் பேசாமல் போயிருக்கிறார்.

1871 ஜனவரி 18, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம். பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்ம் பேரரசராக அறிவிக்கப்பட வேண்டும். அவருக்கு ‘ஜெர்மனியின் பேரரசர்’ என்ற பட்டம் வேண்டும். அவருடைய பிரதமர் பிஸ்மார்க் மறுத்தார். ‘ஜெர்மனியின்’ என்றால் மண் முழுவதும் அவருடையது என்று ஆகும். பவேரிய மன்னரும் வூர்ட்டம்பெர்க் மன்னரும் தங்கள் நிலத்தின் மேல் இன்னொருவர் உரிமை கொண்டாட விடமாட்டார்கள். ‘ஜெர்மன் பேரரசர்’ என்றால் நிலத்தின் மேல் கை வைக்காத ஒரு அடைமொழி. வாழ்த்துக் கோஷம் எழுப்ப வேண்டிய பாடன் பெருங்கோமகன் இரண்டு வம்பும் வேண்டாம் என்று ‘பேரரசர் வில்ஹெல்ம் வாழ்க’ என்று முடித்துக்கொண்டார். மேடையிலிருந்து இறங்கிய வில்ஹெல்ம் தன்னைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய், பின்னால் நின்ற தளபதிகளுக்குக் கை கொடுத்தார் என்று பிஸ்மார்க் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். உங்களைத் திருத்தியவர் பிஸ்மார்க் கட்சி.

அந்தக் குடும்பத்துக்கு வேற்றுமை உருபுப் பிரச்சினை பரம்பரை வியாதி. 1701இல், அதே ஜனவரி 18 அன்று, கூனிக்ஸ்பெர்கில் முடிசூடிய முதலாம் ஃப்ரீட்ரிஷின் பட்டம் ‘பிரஷ்யாவில் மன்னர்’. பிரஷ்யாவின் மேற்குப் பாதி அப்போது போலந்து முடிக்குக் கீழே இருந்ததால் ‘பிரஷ்யாவின்’ என்று சொல்ல வாய் வரவில்லை. 1772இல் போலந்தைப் பங்கு போட்டு அந்தப் பாதியையும் விழுங்கிய பிறகு அவருடைய பேரன் ‘பிரஷ்யாவின் மன்னர்’ ஆனார். ஆங்கிலத்தில் ‘இன்’, ‘ஆஃப்’ இரண்டையும் கலந்துவிட்டால் எழுபது ஆண்டு அரசியல் காணாமல் போய்விடும்.

எம்டனைப் பற்றி எழுதுவதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடற்படையை ‘இம்பீரியல் நேவி’ என்று தாராளமாக எழுதுங்கள். தரைப்படையை ‘இம்பீரியல் ஆர்மி’ என்று எழுதும்போது யோசியுங்கள். பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் நான்கும் தனித்தனிப் படை வைத்திருந்தன.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் ‘ஹெர்ஷாஃப்ட்’ என்ற சொல்லுக்கு நூலுக்கு நூல் ஒவ்வொரு ஆங்கிலச் சொல் இருக்கிறது. எதைத்தான் மேற்கோள் காட்டுவது? (சமூகவியல் முதுகலை மாணவி, கோவை)

வேபருக்கு வருவதற்கு முன், நீங்கள் ஒரு கிராமத்துக்கு வர வேண்டும்.

தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதியில் ஒரு கிராமத்தின் பழைய வரிப் பதிவேடு என்னிடம் வேலைக்கு வந்தது. பதினாறாம் நூற்றாண்டுக் கையெழுத்து, மை பழுப்பேறியது. ஒரு உழவனின் பெயர். அவன் உழும் நிலம் ஒரு மடத்துக்குச் சொந்தம். வருஷா வருஷம் அங்கே தானியம் அளக்க வேண்டும். அவன் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்டால் விசாரித்து அபராதம் போடும் உரிமை ஒரு பிரபுவுக்கு. அவனுடைய உடம்போ மூன்றாவது ஒருவருக்கு. அதற்கு அடையாளமாக நோன்புக்கு முந்தின திருவிழாவில் ஒரு கோழி கொடுத்தாக வேண்டும். அவன் செத்தால் தொழுவத்தில் உள்ளதில் சிறந்த மாட்டை அந்த மூன்றாவது ஆள் ஓட்டிக்கொண்டு போவார். செத்தது பெண் என்றால் அவளுடைய நல்ல உடுப்பு. துக்க வீட்டில் வந்து பெட்டியைத் திறந்து எடுத்துப் போவார்கள்.

நிலத்துக்கு ஒரு ‘ஹெர்’ (எஜமான்), நீதிக்கு ஒரு ஹெர், உடம்புக்கு ஒரு ஹெர். மூன்றுமே ஹெர்ஷாஃப்ட். மாட்டைக் கொண்டுபோவதற்கு ‘பெஸ்ட்ஹௌப்ட்’ என்று பெயர், தலைகளில் சிறந்தது. இதற்கு ஆங்கிலத்தில் ‘ஹெரியட்’ என்று அச்சாகப் பொருந்தும் சொல் இருக்கிறது, இங்கிலாந்திலும் அதே கொடுமை நடந்ததால். 1525இல் மெம்மிங்கன் நகரில் உழவர்கள் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகளில் பதினொன்றாவது, இந்தச் சாவு வரியை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பதுதான்.

வேலை கொடுத்த பதிப்பாசிரியர் மூன்றுக்கும் ‘அதாரிட்டி’ என்று ஒரே சொல் போடச் சொன்னார். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்பது அவர் கொள்கை. ‘அதாரிட்டி’க்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போகத் தெரியாது என்று பதில் போட்டேன். நிலத்துக்கு உரியவரை ‘லேண்ட்லார்ட்’ என்றால் வாடகை வீடு ஞாபகம் வரும். கடைசியில் மூன்றுக்கும் ‘லார்ட்ஷிப்’. முன்னால் நிலம், நீதிமன்றம், உடல் என்று அடைமொழி. இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதி, ஒரு பிரபுவின் ஆட்சிப் பகுதியையும் ஜெர்மனில் ஹெர்ஷாஃப்ட் என்பார்கள், ‘லார்ட்ஷிப்’ அதற்கும் நிற்கும். நிற்காத இடமும் உண்டு. பழைய பாணி ஓட்டலில் பரிமாறுபவர் ‘ஹெர்ஷாஃப்டனுக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டால், அது ‘ஐயா, அம்மா என்ன சாப்பிடறீங்க’ மட்டும்தான்.

வரலாற்றாசிரியர் ஓட்டோ புருன்னர் 1939இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. 1992இல் வந்த ஆங்கிலப் பதிப்பும் ‘லார்ட்ஷிப்’ என்றே போட்டது. நவீன ‘அரசு’ என்ற கருத்தை இடைக்காலத்தின் மேல் போர்த்தாதே என்பது புருன்னரின் வாதம். வாதம் நல்லது, ஆள் நாஜி ஆதரவாளர். 1959 பதிப்பில் அந்தக் காலத்து வாசனை அடித்த சொற்களை அவரே மாற்றியும் இருக்கிறார். அவரை மேற்கோள் காட்டினால் எந்தப் பதிப்பு என்று எழுதிவிடுங்கள்.

இப்போது வேபர். எதிர்ப்பு இருந்தாலும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் எந்த வாய்ப்பும் அவருக்கு ‘மாஹ்ட்’. குறிப்பிட்ட ஒரு கட்டளைக்கு, இன்னார் என்று சுட்டக்கூடிய ஆட்கள் கீழ்ப்படியும் வாய்ப்பு ஹெர்ஷாஃப்ட். முதலாவதை ‘பவர்’ என்பதில் யாருக்கும் சண்டையில்லை. இரண்டாவதற்கு 1947இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் ‘இம்பெரேட்டிவ் கன்ட்ரோல்’ என்றும், பல இடங்களில் ‘அதாரிட்டி’ என்றும் போட்டார். அமெரிக்கக் கல்லூரிகளில் இரண்டு தலைமுறை அதைப் படித்தது. கீழ்ப்படிகிறவர்கள் மனமொப்பித்தான் கீழ்ப்படிகிறார்கள் என்ற மிதமான வேபர் அங்கிருந்து வந்தவர். 1968இல் ரோத், விட்டிஷ் இருவரும் ‘டாமினேஷன்’ என்றார்கள். உடனே வேபர் முகம் கடுமையாகிவிட்டது. 2019இல் கீத் ட்ரைப் ‘ரூல்’ என்றார்.

என் ஓட்டு ட்ரைபுக்கு. ‘ரூல்’ நல்லதும் சொல்லாது, கெட்டதும் சொல்லாது. கட்டளை, கீழ்ப்படிதல் என்ற உறவை மட்டும் சொல்லும். வேபர் கேட்டதும் அதுதான். ஆனால் நீங்கள் ஆய்வேட்டில் ஹெர்ஷாஃப்ட் என்று மூலச் சொல்லை முதல் தடவை எழுதி, எந்தப் பதிப்பின் சொல்லைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தேர்வாளர் வாயை அடைத்துவிடலாம். ஒரே அத்தியாயத்தில் பார்சன்ஸிடமிருந்து ஒரு மேற்கோள், ரோத்திடமிருந்து ஒரு மேற்கோள் என்று எடுத்து, ‘அதாரிட்டி’யும் ‘டாமினேஷ’னும் வேபரின் இரண்டு தனிக் கருத்துகள் என்று விளக்கம் எழுதும் ஆய்வேடுகள் உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

‘எலெக்டர்’ என்றால் வாக்காளர் அல்லவா? ஹானோவர் மன்னரை ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? (வாசகர், கரூர்)

அவரும் வாக்காளர்தான், ஓட்டு மட்டும் கொஞ்சம் கனமானது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ள ‘கூர்ஃப்யூர்ஸ்ட்’கள் ஏழு பேர் என்று 1356இல் ‘பொன் ஆணை’ என்ற பேரரசுச் சட்டம் உறுதி செய்தது: மைன்ஸ், ட்ரியர், கொலோன் பேராயர்கள் மூவர், போஹீமியா, பலட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆட்சியாளர் நால்வர். ஹானோவருக்கு 1692இல் கிடைத்தது. ‘பிரின்ஸ்-எலெக்டர்’ என்று சேர்த்து எழுதினால் குழப்பம் குறையும். எனக்குப் பிடித்தவர் ஹெஸ்ஸன்-காஸ்ஸல் ஆட்சியாளர். 1803இல் ஆசைப்பட்ட பட்டம் கிடைத்தது. 1806இல் பேரரசே கலைந்துவிட்டது, தேர்ந்தெடுக்க ஆளில்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் 1866இல் பிரஷ்யா அவர்களுடைய நாட்டைப் பிடுங்கிக்கொள்ளும்வரை பட்டத்தை விடவில்லை.

1648 வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கை ஜெர்மன் குறுநில மன்னர்களுக்கு ‘சாவரின்டி’ (இறையாண்மை) கொடுத்தது என்று பாடநூலில் இருக்கிறது. ஜெர்மன் மூலத்திலும் அப்படித்தானா? (சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

உடன்படிக்கையின் மூலம் லத்தீன், ஜெர்மன் அல்ல. அதில் சொன்ன உரிமையை ஜெர்மன் சட்ட அறிஞர்கள் ‘லாண்டஸ்ஹோஹைட்’ என்றார்கள்; நிலப்பகுதியின் மேல் உள்ள மேலாண்மை. சட்டம் போடலாம், வரி போடலாம், வெளிநாட்டோடு கூட்டுச் சேரலாம். ஆனால் அந்தக் கூட்டு பேரரசருக்கும் பேரரசுக்கும் எதிராக இருக்கக் கூடாது. தலைக்கு மேலே பேரரசின் நீதிமன்றங்கள் இருந்தன. குடிமக்கள் தங்கள் ஆட்சியாளர் மேலேயே அங்கே வழக்குப் போட்டார்கள், சில சமயம் ஜெயித்தார்கள். இதை ‘சாவரின்டி’ என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் சட்டம் படிக்கிறவர், சாட்சியைப் பாருங்கள். 1806 ஜூலையில் நெப்போலியன் ரைன் கூட்டமைப்பை உருவாக்கியபோது அந்த மன்னர்களுக்குக் கிடைத்தது ‘சூவரேனிடேட்’, பிரெஞ்சுச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கையில் இருந்த லாண்டஸ்ஹோஹைட்டும் அதுவும் ஒன்று என்றால் புதிதாக ஒன்றை வாங்குவானேன்? ஆகஸ்ட் 6ஆம் தேதி பேரரசர் இரண்டாம் ஃப்ரான்ஸ் முடியைக் கழற்றி வைத்தார். ‘டெரிட்டோரியல் லார்ட்ஷிப்’ அல்லது ‘டெரிட்டோரியல் சுப்பீரியாரிட்டி’ என்று எழுதுங்கள். பாடநூல் எழுதியவர் சண்டைக்கு வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இதன் பக்கத்திலேயே ‘ரைஷ்ஸ்உன்மிட்டல்பார்’ என்று ஒன்று வரும், இடையில் யாருமில்லாமல் நேரே பேரரசருக்குக் கட்டுப்பட்ட என்று பொருள். ஆங்கிலத்தில் ‘இமீடியட்’. ‘உடனடிக் கிராமம்’ என்று படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு, ஆனால் அப்படிக் கிராமங்கள் நிஜமாகவே இருந்தன. ஷ்வைன்ஃபுர்ட் பக்கத்தில் கோக்ஸ்ஹைம், சென்ஃபெல்ட். கறுப்புக் காட்டில் ஹார்மர்ஸ்பாக் என்று ஒரு பள்ளத்தாக்கே பேரரசரைத் தவிர வேறு தலைவன் இல்லாமல் இருந்தது.

அக்கா, மகள் பள்ளிக்கூடத்தில் வில்லியம் டெல் கதை படிக்கிறா. அதில வாற கொடுங்கோலன் கெஸ்லர் ‘லாண்ட்ஃபோக்ட்’ எண்டு வருது. இங்கிலீஷில ‘பெய்லிஃப்’ எண்டு போட்டிருக்கு. லண்டனில எங்கட அண்ணாவுக்கு பெய்லிஃப் எண்டா கடன்காரர் வீட்டுச் சாமான் தூக்க வாறவர்! (வாசகி, சூரிச்)

அண்ணா சொல்வது இன்றைய லண்டனுக்குச் சரி. ‘ஃபோக்ட்’ லத்தீன் ‘அட்வொகாடுஸ்’ என்பதிலிருந்து வந்தது, ஒருவர் சார்பில் நிற்பவர். ஆயர்களும் மடங்களும் இரத்தம் சிந்தும் தண்டனை கொடுக்கக் கூடாது என்பதால் தூக்குத் தண்டனை விவகாரங்களுக்கு ஒரு ஃபோக்டை வைத்துக்கொண்டார்கள். பிறகு பேரரசரின் ஆள், பிரபுவின் ஆள் எல்லோரும் ஃபோக்ட் ஆனார்கள். உங்கள் ஊரில் பழைய ஆட்கள் மைனர் பிள்ளையின் பாதுகாவலரையும் ஃபோக்ட் என்பார்கள்.

டெல் கதையை வைத்து ஷில்லர் 1804இல் எழுதிய நாடகத்துக்கு ‘கவர்னர்’ போட்டால் படிக்கச் சுலபம். ஆனாலும் நான் ‘பெய்லிஃப்’ பக்கம்தான். காரணம், கெஸ்லரைத் துரத்தியதாகப் பெருமைப்படும் அதே சுவிஸ் மாநிலங்கள் 1415இல் ஆர்கௌ பகுதியையும் 1460இல் துர்கௌ பகுதியையும் பிடித்து, அங்கே தங்கள் லாண்ட்ஃபோக்டுகளை அனுப்பி 1798 வரை ஆண்டன. கதையில் ‘கவர்னர்’, வரலாற்றுப் புத்தகத்தில் ‘பெய்லிஃப்’ என்று இரண்டு சொல் வந்தால் மகள் இதைக் கவனிக்கவே மாட்டாள். அவளை டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

‘லாண்டஸ்ஹெர்’ (ஒரு நிலப்பகுதியை ஆண்ட ஜெர்மன் மன்னர்) என்பதைப் பாளையக்காரர் என்று தமிழாக்கலாமா? (வாசகர், மதுரை)

வேண்டாம். பாளையக்காரர்களுக்கு அவர்கள் வரலாறே போதும்.

1933இல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்ததை ‘சீஷர் ஆஃப் பவர்’ என்கிறார்கள். சட்டப்படிதானே வந்தார்? (வாசகர், புதுச்சேரி)

‘மாஹ்ட்எர்கிரைஃபுங்’, அதிகாரத்தைப் பற்றிக்கொள்ளுதல். 1933 ஜனவரி 30 அன்று அதிபர் ஹிண்டன்பர்க் அவரைப் பிரதமராக நியமித்தார். அதனால் பல ஜெர்மன் வரலாற்றாசிரியர்கள் ‘மாஹ்ட்யூபர்டிராகுங்’, கைமாற்றிக் கொடுத்தல், என்கிறார்கள். கொடுத்தவர்கள் பெயரும் பதிவாக வேண்டும் அல்லவா? மூலத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதற்கு உரிய ஆங்கிலத்தை நான் போடுகிறேன். மொழிபெயர்ப்பில் உட்கார்ந்து நூலாசிரியரைத் திருத்துவது என் வேலையில்லை.

ஆனால் அந்தக் காலத்து அரசாங்கச் சொற்களில் எனக்குப் பொறுமை கிடையாது. 1933 பிப்ரவரி 28 அவசர ஆணைக்குப் பிறகு விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்ததற்கு ‘ஷூட்ஸ்ஹாஃப்ட்’ என்று பெயர், பாதுகாப்புக் காவல். யாருக்குப் பாதுகாப்பு? இதை எப்போதும் மேற்கோள் குறிக்குள் வைப்பேன். மார்ச் 31ஆம் தேதி மாநிலச் சட்டமன்றங்களைக் கலைத்து ரைஷ்டாக் கணக்குப்படி மாற்றியமைத்த சட்டத்தின் தலைப்பில் ‘கிளைஷ்ஷால்டுங்’ வருகிறது, எல்லாவற்றையும் ஒரே தடத்தில் பூட்டுதல். வழக்கமான ஆங்கிலம் ‘கோஆர்டினேஷன்’. ஏதோ கல்யாண வேலையைப் பங்கு பிரித்த மாதிரி இருக்கிறது. அதை ஜெர்மனிலேயே விட்டுவிட்டு, என்ன நடந்தது என்று பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதுகிறேன்.

இந்தச் சொற்களுக்கு நீங்கள் எந்த அகராதி பார்க்கிறீர்கள்? (பலர்)

வழக்கமான ஜெர்மன்–ஆங்கில அகராதி இந்த வேலைக்கு உதவாது. ஜெர்மன்–ஜெர்மன் பார்க்க வேண்டும். ஹைடல்பெர்க் அறிவியல் கழகத்தின் ஜெர்மன் சட்டச் சொல் அகராதி இணையத்தில் இலவசம். ஒரு சொல் எந்த நூற்றாண்டில், எந்த ஊர் ஆவணத்தில், என்ன பொருளில் வந்தது என்று வரியோடு காட்டும். கிரிம் சகோதரர்கள் தொடங்கி 1961இல் முடிந்த பேரகராதியும் அப்படியே. ஆனால் அதில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள், ஹெர்ஷாஃப்ட் போன்ற சொல்லுக்கு உங்களுக்கு வேண்டியது நாலாவது ஐந்தாவதாக இருக்கும். இரண்டிலும் ஆங்கிலச் சொல் கிடைக்காது. ஆவணத்தில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்த்து நீங்களே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.